ஜாகீர்ச் சீமையிலிருந்து வேலூர்க் கோட்டை வரை

சென்ற வாரம், 1773 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கடலில் விழுந்ததைக் கண்டோம். அந்தத் தேயிலைக்குச் சொந்தக்காரரான கிழக்கிந்தியக் கம்பெனியாரே, அச்சமயம் நம் சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மர் எழுந்தருளியிருக்கும் குன்றைச் சுற்றிக் கிடந்த வயல்களுக்கும் ஏரிகளுக்கும் ஜாகீர்தாரராக விளங்கினர் என்பதை வாசகர்கள் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி, தமக்குச் சிம்மாசனத்தைப் பெற்றுத் தந்த உபகாரத்திற்குக் கைம்மாறாகச் செங்கற்பட்டுச் சீமையை 1763-இல் கம்பெனிக்கு ஜாகீராக எழுதி வைத்தார். பிறகு அதையே குத்தகைக்கு எடுத்துத் தாமே வரி தண்டினார். குடியானவனுக்கு இதனால் விளைந்த நன்மை, எஜமானர்கள் இருவரானதுதான்!

1780-இல் மைசூரின் ஹைதர் அலி நவாபின் கர்நாடகச் சீமைக்குள் புகுந்து, காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தபோது, இந்தச் சீமை தீக்கும் கொள்ளைக்கும் இரையாகிப் பாழாயிற்று. அந்த வெற்றியின் புகழ் கடல் கடந்தது. அப்பொழுது ஆங்கிலேயருடன் போராடிக் கொண்டிருந்த அமெரிக்கர்களில் பென்சில்வேனியாக்காரர், தங்கள் போர்க்கப்பல் ஒன்றிற்கு 'ஹைதர் அலி' என்றே நாமகரணம் செய்து, 1782-இல் அதைக் கொண்டு 'ஜெனரல் மங்க்' என்னும் ஆங்கிலக் கப்பலைச் சிறைப்பிடித்தனர். நம்மவர் பாழான வீடுகளுக்குத் திரும்பிக் கூரை வேய்ந்துகொண்டிருந்தனர்.

1794-இல் லயனல் பிளேஸ் இந்த ஜாகீருக்குக் கலெக்டராக வந்தார். மதுராந்தகம் ஏரிக்கரையை ராமனும் லட்சுமணனும் வில்லேந்திக் காத்து நின்றதைக் கண்டு, தாயார் சந்நிதியைக் கட்டி வைத்தார் என்று ஐதீகம் போற்றுகிற அதே துரைதான் இவர். கோவில்களுக்குக் கொடுத்த கையால் மிராசுதார்களிடமிருந்து பறிக்கவும் அவர் தயங்கவில்லை. விளைச்சலில் சர்க்காருக்குரிய மேல்வாரம் எவ்வளவு, குடிவாரம் எவ்வளவு, மிராசுதாரின் பரம்பரைப் பாத்தியதைகள் எவை என்ற வழக்கு முற்றியபோது, பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதார்கள் ஏரோட்ட மறுத்து ஊரைக் காலி செய்து வெளியேறினர். பட்டணத்துத் துபாஷிகளே, அதாவது துரைமாரின் மொழிபெயர்ப்புத் தரகர்களே, இவர்களைத் தூண்டிவிடுகிறார்கள் என்று சீறிய பிளேஸ், பணியாதவர்களின் மிராசைப் பிடுங்கி வேறு ஆட்களுக்குக் கொடுத்தார். எதிர்ப்பு அத்துடன் அடங்கிற்று.

பாஸ்டனில் மூண்ட தீ பூந்தமல்லியில் ஏன் புகையோடு நின்றது? நம் ஜனங்கள் சாதுக்கள் என்று சொல்லி மழுப்புகிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. அமெரிக்கக் குடியேற்றங்களுக்குச் சட்டசபைகள் இருந்தன, பத்திரிகைகள் இருந்தன, ஒரு நகரத்தின் மனத்தாங்கலை மறு நகரத்திற்குக் கடிதத்தில் தெரிவிக்கும் கமிட்டிகளும் 1772 முதலே இருந்தன. இங்கேயோ ஊருக்கொரு வழக்கு, ஊருக்கொரு கணக்கு. பல ஊர்க்காரர் கூடிப் பேச ஓரிடம் இல்லை. அந்த இடத்தைக் கம்பெனியாரே பட்டாள லயன்களாகக் கட்டிக் கொடுத்தனர் என்பதுதான் வேடிக்கை. பல ஊரினரும், பல ஜாதியினரும், ஹிந்துக்களும் முஸல்மான்களும் ஒரே அணியில் நின்று, ஒரே சம்பளம் வாங்கி, ஒரே அதிகாரியின் ஏச்சைக் கேட்டு வாழ்ந்த இடம் அது.

அங்கேதான் சேனாதிபதி சர் ஜான் கிராடக்கின் உத்தரவு வந்து விழுந்தது: நெற்றியில் சின்னம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, எல்லாரும் தோலால் செய்த குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும்! நாமம் தரித்தவனுக்கும் தாடி வளர்த்தவனுக்கும் இதனால் ஒரே நாளில் ஒரே குறை உண்டாயிற்று. 1806 மே மாதத்தில் வேலூரில் தலைப்பாகையை ஏற்க மறுத்தவர்களில் ஒரு ஹிந்துவுக்கும் ஒரு முஸல்மானுக்கும் ஆளுக்குத் தொள்ளாயிரம் கசையடி விதிக்கப்பட்டது. கம்பெனி சமத்துவம் காட்டிய சந்தர்ப்பங்களில் இது ஒன்று!

ஹைதரின் மகன் திப்புவின் புதல்வர்கள் காவலில் இருந்த அந்த வேலூர்க் கோட்டையில், ஜூலை 10-ஆம் தேதி விடிவதற்கு முன் சிப்பாய்கள் எழுந்து, நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையரைக் கொன்று, மைசூர்ப் புலிக்கொடியை ஏற்றினர். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப் படையுடன் விரைந்து வந்த கில்லெஸ்பி அன்றைய பகலுக்குள்ளேயே கோட்டையை மீட்டு, நூற்றுக்கணக்கான சிப்பாய்களை மடிவித்தார். தலைப்பாகை உத்தரவு ரத்தாயிற்று. திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். சென்னைக் கவர்னர் பெண்டிங்கும் சேனாதிபதி கிராடக்கும் 1807-இல் திரும்ப அழைக்கப்பட்டனர்.

அந்தப் பெண்டிங்க் 1828-இல் கவர்னர் ஜெனரலாகவே மறுபடி வந்திறங்கிய விந்தையை அடுத்த வாரம் பார்ப்போம்.