2 ஆஸ்கர் வாங்கியவர் நடிப்பை விட்டது ஏன்? 80 வயதில் திரும்பி வந்து சாதித்த கிளெண்டா ஜாக்சன்!

ஆஸ்கர் விருது கிடைக்காதா என்று ஏங்கும் நடிகர்கள் ஏராளம். ஆனால், 2 ஆஸ்கர் வென்ற பிறகு நடிப்பையே ஓரங்கட்டிவிட்டு, 23 ஆண்டுகள் எம்.பி.யாக இருந்தவர் பிரிட்டிஷ் நடிகை கிளெண்டா ஜாக்சன். அதைவிட ஆச்சரியம், 80 வயதில் மீண்டும் மேடை ஏறியதுதான்.

யார் இந்த கிளெண்டா?

1936-ல் இங்கிலாந்தின் பிர்கன்ஹெட் நகரில் பிறந்தவர். அப்பா கொத்தனார். 16 வயதில் பள்ளிப்படிப்பை நிறுத்திய கிளெண்டா, மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்த்தார். பிறகு உதவித்தொகை கிடைத்து, லண்டனின் புகழ்பெற்ற ராடா நாடகப் பள்ளியில் சேர்ந்தார்.

1964-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் இணைந்தார். அங்கு பீட்டர் புரூக் இயக்கிய 'மாரா/சாட்' நாடகம் அவரை எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

விருது வாங்கவே போகவில்லை!

'விமன் இன் லவ்', 'எ டச் ஆஃப் கிளாஸ்' ஆகிய படங்களுக்காக 1971 மற்றும் 1974-ல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஆனால், 2 விழாக்களுக்குமே அவர் நேரில் போகவில்லை. பிபிசி-யின் 'எலிசபெத் ஆர்' தொடரில் ராணி முதலாம் எலிசபெத்தாக நடிக்க, முன்தலை முடியையே மழித்துக்கொண்டார். அந்தத் தொடர் 2 எம்மி விருதுகளைப் பெற்றுத் தந்தது.

அரசியலுக்கு வந்தது ஏன்?

பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரின் கொள்கைகள் நாட்டைச் சீரழிக்கின்றன என்பது அவரது கோபம். 1992-ல் தொழிலாளர் கட்சி சார்பில் ஹாம்ஸ்டெட் அண்ட் ஹைகேட் தொகுதியில் வென்றார். டோனி பிளேர் அரசில் போக்குவரத்துத் துறை இணை அமைச்சராகவும் இருந்தார். அதே பிளேர் ஈராக் போரில் இறங்கியபோது, சொந்தக் கட்சி என்றும் பார்க்காமல் எதிர்த்தார். 2010 தேர்தலில் வெறும் 42 வாக்கு வித்தியாசத்தில் தப்பித்தார்!

80 வயதில் 'கிங் லியர்'

2015-ல் அரசியலில் இருந்து விலகினார். அடுத்த ஆண்டே லண்டன் ஓல்ட் விக் அரங்கில், ஷேக்ஸ்பியரின் கிழட்டு அரசன் லியராக நின்றார். ஆம், ஆண் வேடம்தான். இளம் நடிகர்களே மூச்சு வாங்கும் பாத்திரம் அது. 2018-ல் 'த்ரீ டால் விமன்' நாடகத்துக்காக டோனி விருதும் வந்தது. இதன்மூலம் ஆஸ்கர், எம்மி, டோனி மூன்றையும் வென்ற வெகு சிலரில் ஒருவரானார்.

2023 ஜூன் 15-ல், 87 வயதில் காலமானார். மைக்கேல் கெய்னுடன் அவர் நடித்த கடைசிப் படமான 'தி கிரேட் எஸ்கேப்பர்' திரைக்கு வந்தது, அவர் மறைந்த சில மாதங்கள் கழித்துத்தான்.

இடையில் 23 வருஷம் போனாலும், கற்ற தொழில் கைவிடாது என்பதற்கு கிளெண்டாவே சாட்சி.