துரைக்குத் துணை, தொண்டனுக்குத் தூக்கு

பாதுகாப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி இருந்தால் நல்லது என்று பேசுவோர் நம்மிடையே உண்டு. பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ ஒரு கொள்ளைச் செய்தி வந்தால் போதும். காப்பிக்கடை மேசையில் எந்த ரகம் நல்லது, எந்த அளவுத் தோட்டா கைக்கு இதமாக இருக்கும் என்ற விவாதம் தொடங்கிவிடும். நான் கேட்க வந்தது வேறொரு கேள்வி. இந்த நாட்டில் ரிவால்வர் யார் இடுப்பில் இருந்தது? அதை வைத்திருந்தவருக்கு என்ன நேர்ந்தது?

1948 ஜூன் 16. பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆர்தர் வாக்கர், ஜான் அல்லிசன், இயன் கிறிஸ்டியன் என்ற மூன்று வெள்ளைக்காரர்கள் ஒரே காலையில் தங்கள் ரப்பர் தோட்டங்களில் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. பங்களாவைச் சுற்றி முள்வேலி எழுந்தது. வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நின்றார். துரை பால்மரக் காட்டுக்குள் போகும்போது இடுப்பில் ரிவால்வர் தொங்கியது.

துரைக்கு அதிலும் தேர்வு இருந்தது. பழைய வெப்லி .455 ஏறக்குறைய 1.1 கிலோ எடை. குண்டு பெரிது, அடியும் பலம். ஆனால் சுடும்போது கை தூக்கிப் போடும். அவசரமாகப் பயிற்சி பெற்றவர்களுக்கு அது ஒத்துவரவில்லை என்றுதான் பிரிட்டிஷ் இராணுவமே 1930களில் .38 என்ஃபீல்டுக்கு மாறியது. முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகம். கைக்கு அடங்கும். சிறிய குண்டு போதாது என்பாரும் இருந்தார்கள். பக்கத்துப் பிலிப்பைன்சில் மோரோ வீரர்களை எதிர்த்த அமெரிக்கச் சிப்பாய்கள், .38 குண்டு பட்டும் பாய்ந்து வந்தவர்களைக் கண்டு பழைய .45க்கே திரும்பினார்கள். வேட்டைக்கு என்று கேட்டால், காட்டுப்பன்றிக்கு ரிவால்வர் சரிப்படாது. அதற்கு இரட்டைக்குழல் துப்பாக்கிதான். ரிவால்வர் மனிதனுக்காகச் செய்யப்பட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

துரை எடையும் இதமும் பார்த்துக்கொண்டிருந்த அதே 1948இல் இன்னொரு விதி வந்தது. அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் மரண தண்டனை. சுட்டிருக்க வேண்டியதில்லை, யாரும் காயப்பட்டிருக்க வேண்டியதும் இல்லை. கையில் இருந்தாலே போதும்.

அந்த விதியில் சிக்கியவர்தான் எஸ்.ஏ. கணபதி. தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்து, சிறுவயதிலேயே சிங்கப்பூர் வந்தவர். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். போருக்குப் பின் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். சீனரும் இந்தியரும் சேர்ந்திருந்த அந்தப் பெரிய அமைப்புக்கு ஒரு தமிழர் தலைமை தாங்கினார் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? 1948 ஜூனில் சம்மேளனம் சட்டவிரோதமாக்கப்பட்டது. கணபதி தலைமறைவானார்.

1949 மார்ச்சில், ராவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் பிடிபட்டார். கையில் ஒரு ரிவால்வர், ஆறு தோட்டாக்கள். அதைப் போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாக வழக்கில் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த மாதத்திலேயே மரண தண்டனை விதிக்கப்பட்டது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவருடைய சம்மேளனத்தில் கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கு இருந்தது. காட்டில் உண்மையாகவே போர் நடந்துகொண்டிருந்தது. அதில் செத்தவர்களில் நம் தோட்டத் தொழிலாளர்களும் உண்டு. அரசாங்கத்தின் அச்சம் முழுக்கக் கற்பனை அல்ல. ஆனால் கணபதி ஒருவரைக் கொன்றதாக அந்த வழக்கு சொல்லவில்லை. வைத்திருந்தார், அவ்வளவுதான் குற்றச்சாட்டு. அதற்குக் கழுத்தைக் கேட்டது சட்டம்.

இந்திய அரசாங்கம் கருணை கேட்டது. பயனில்லை. 1949 மே 4இல் கோலாலம்பூர் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள்தான் மற்றொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் பாதுகாப்புப் படையால் சுடப்பட்டு இறந்தார். அடுத்தடுத்த நாளில் இரண்டு தமிழ்த் தலைவர்கள்! தமிழகம் கொதித்தது. மு. கருணாநிதி ‘கயிற்றில் தொங்கிய கணபதி’ என்று ஒரு சிறுநூலே எழுதினார்.

இதே விதியில் மாட்டி உயிரோடு மீண்ட தமிழரும் உண்டு. சம்பசிவம். 1948 செப்டம்பரில் ஜொகூரில் நடந்த ஒரு கைகலப்பில் படுகாயத்துடன் பிடிபட்டவர். துப்பாக்கி வைத்திருந்தார், தோட்டா வைத்திருந்தார் என்று இரண்டு குற்றச்சாட்டுகள். தோட்டா வழக்கில் விடுதலை. துப்பாக்கி வழக்கில் மறுவிசாரணை, அதில் மரண தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தோட்டா இல்லை என்று ஒருமுறை தீர்ப்பான பிறகு, இரண்டையும் ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் வாக்குமூலத்தை வைத்து மறுவிசாரணையில் தண்டித்தது தவறு என்று 1950இல் தண்டனை ரத்தானது. சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பைப் படிக்காத மாணவர் குறைவு. கணபதிக்கோ கைதுக்கும் தூக்குக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மாதங்கள்தான் கிடைத்தன.

அவசரகாலம் 1960இல் முடிந்தது. விதி முடியவில்லை. அதே ஆண்டு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பாதுகாப்புப் பகுதியில் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்குத் தூக்கைக் கட்டாயமாக்கியது. அந்தச் சட்டம் 2012இல்தான் நீங்கியது. 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தில் இருந்த கட்டாயத் தூக்கு 2023இல் விலக்கப்பட்டது. இப்போது நீதிபதிக்கு நீண்ட சிறைத் தண்டனை விதிக்கவும் இடமுண்டு. லைசென்ஸ் வேண்டுமென்றால் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீசிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். மறுக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

புடு சிறை இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் இப்போது பெரிய கடைத்தொகுதி நிற்கிறது. பழைய நுழைவாயிலை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். சாமான் வாங்கப் போகிறவர்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டி, கணபதி என்ற பெயரைச் சொல்லலாம்.