சுவால்பார்டில் வானிலை படிக்கும் மாணவர்கள்

நோர்வேப் பெருநிலத்துக்கு வடக்கே, 78ஆம் பாகை வட அகலக்கோட்டில் இருக்கும் சிறிய ஊர் லோங்யர்பீன். அங்கு 1993இல் தொடங்கப்பட்ட சுவால்பார்ட் பல்கலைக்கழக மையத்தில் துருவ வானிலையியலும் ஒரு பாடம். கற்பித்தல் ஆங்கிலத்தில். பல நாட்டு மாணவர்கள் வருகிறார்கள். வேறு பல்கலைக்கழகங்களில் இயற்கை விஞ்ஞானம் படிக்கும் எமது பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம்.

ஜனவரியில் போய் இறங்குபவருக்குச் சூரியன் தெரியாது. பெப்ரவரி நடுப்பகுதிவரை அது அடிவானத்துக்கு மேல் வராது. மலைகளைத் தாண்டி ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8ஆம் திகதியளவாகும். ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து இரவிலும் சூரியன் மறையாது.

முதலில் படிப்பது வானிலை அல்ல, பாதுகாப்பு. பனிக்கரடி நடமாடும் இடம் என்பதால் துவக்குப் பிடிக்கப் பழக வேண்டும். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடவும் கற்க வேண்டும். அதன் பின்னரே களவேலை.

ஸ்னோ ஸ்கூட்டரில் பள்ளத்தாக்குக்குப் போய், வெவ்வேறு உயரங்களில் வெப்பமானிகளையும் காற்றுமானிகளையும் நிறுத்துவார்கள். காற்றில்லாத தெளிந்த நாளில் கனமான குளிர்காற்று தாழ்விடத்தில் தேங்கும். மேலே ஏற ஏறக் குளிர் குறையும். வெப்பநிலை நேர்மாறல் என்று புத்தகத்தில் படித்ததை அங்கே உடம்பே உணரும்.

குளிரில் பற்றரி விரைவில் இறங்கும், பேனை மை உறையும். ஆகவே பென்சிலால் எழுதுவார்கள். நேரமும் இடமும் குறிக்காத அளவீடு, திகதியில்லாத பற்றுச்சீட்டு மாதிரி. கணக்காளனான எனக்கு அதன் பெறுமதி நன்றாக விளங்கும். ஒருவர் முகத்தில் வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று மற்றவர் பார்த்துக்கொள்வார். அது உறைபனிக் காயத்தின் அறிகுறி.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஆவணங்களை. சுவால்பார்டுக்கு விசா தேவையில்லை. ஆனால் அது ஷெங்கன் எல்லைக்கு வெளியே உள்ளது; போகும்போதும் திரும்பும்போதும் கடவுச்சீட்டுச் சோதனை உண்டு. அகதிப் பயணப் பத்திரம் வைத்திருக்கும் பிள்ளை, அதுவும் வதிவிட அட்டையும் திரும்பும் நாள்வரை செல்லுபடியாகுமா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். நோர்வேயில் நிரந்தர வதிவிடத்துக்கோ குடியுரிமைக்கோ நாள் எண்ணிக்கொண்டிருப்பவர், அங்கு தங்கும் மாதங்கள் கணக்கில் சேருமா என்று குடிவரவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதில் வந்தபின் இடத்தை ஏற்றுக்கொள்வது நல்லது.

குளிருக்கு உடுப்பு கடையில் வாங்கலாம். காலாவதியான பத்திரத்தை விமான நிலையத்தில் புதுப்பிக்க முடியாது.