மீ சுவா

மலேசியாவின் சித்தியவானில் சீனர் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் முதலில் கேட்க வேண்டியது மீ சுவா. இரண்டும் ஹொக்கியன் சொற்கள். 'மீ' கோதுமை மாவையும் அதில் செய்த இழையுணவையும் குறிக்கும்; நாம் அன்றாடம் சொல்லும் மீ கோரெங்கிலும் அதே மீதான். 'சுவா' என்றால் நூல். இடியாப்பத்துக்கு நூல்புட்டு என்று பெயரிட்ட முறையும் இதுவே. ஜப்பானிய மலையூர்களின் 'சோபா' அப்படியல்ல. குளிர்நிலத்தில் விளையும் பக்வீட் தானியத்தின் பெயரே உணவுக்கும் ஆகிவிட்டது.

சித்தியவானின் மீ சுவா, 1903இல் சீனாவின் பூச்சோ பகுதியிலிருந்து வந்து கம்போங் கோ என்ற ஊரில் குடியேறிய மெதடிஸ்ட் கிறிஸ்தவர்களின் கைப்பக்குவம். உப்பிட்டுப் பிசைந்த மாவைத் திரித்து, இரு கழிகளில் எட்டுப் போல மாட்டி, மெல்ல இழுத்து நீட்டி வெயிலில் காயவைப்பார்கள். இழை தலைமுடியளவு மெலிந்தாலும் அறுவதில்லை. இழையில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் சூப்பில் உப்பைக் குறைத்தே போடுவார்கள். சிவப்பரிசி ஒயினும் இஞ்சியும் கோழியும் சேர்ந்த சூப்புக்கு அருமையான மணம்! பிறந்தநாளில் ஆயுள் நீள வேண்டி இதை உண்பது சீனர் வழக்கம். அன்று இழையை வெட்டமாட்டார்கள்.