வீடு தேடிச் சென்ற மிதிவண்டி

கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பெரியமுதலியார்சாவடியில் விட்டு மேற்கே திரும்பினால், செம்மண்ணும் முந்திரி மரங்களுமாக மேடேறும் வழியில் குயிலாப்பாளையம் வருகிறது. விடுமுறை நாட்களின் விடியற்பொழுதில் அப்பக்கம் தலைக்கவசம் அணிந்து மிதிவண்டியில் செல்வோரைக் காணலாம். அவர்களுள் பெரும்பாலோர் உடல்நலம் கருதி மிதிப்பவர்கள். ஆயினும், ஒரு நோயின் பெயரைச் சட்டையில் பொறித்து, அந்நோய் கண்ட குடும்பங்களுக்காக நிதி திரட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மிதிப்பதும் இன்று உலகெங்கும் பரவியுள்ள வழக்கம்.

இவ்வழக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்காவின் பில்லி ஸ்டார். தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1980 இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குறுக்கே ஒரு மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கினார். அவரோடு சேர்த்துச் சென்றவர்கள் 36 பேர். திரட்டியது 10,200 டாலர். அப்பயணம் ஆண்டுதோறும் வளர்ந்து, புற்றுநோய் மருத்துவத்திற்குப் பெருநிதி தருவதாயிற்று. நல்ல காரியமே. ஆனால் நோயாளிக்காக மிதிவண்டி மிதிப்பதை அமெரிக்காவிடமிருந்துதான் கற்றோம் என்று யாரேனும் சொன்னால், திண்டிவனத்தைச் சுற்றி வளர்ந்த என் போன்றோருக்குச் சிரிப்பு வரும்.

திண்டிவனத்திற்கு வடக்கே, செய்யூர்ப் பக்கம் உள்ளது போலம்பாக்கம். பெல்ஜியம் நாட்டு மருத்துவர் பிரான்ஸ் ஹெமரைக்ஸ் 1955 இல் அங்கு ஒரு தொழுநோய் நிலையத்தைத் தொடங்கினார். அவருடன் பணியாற்ற வந்த கிளேர் வெல்லூ என்ற பெண் மருத்துவர், பின்னர் அதன் பொறுப்பை ஏற்று நெடுங்காலம் நடத்தினார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். அவர் கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர் அல்லர், நம்மைப் போன்ற பொதுநிலையினர் என்பதை இங்குக் குறிப்பிட விரும்புகிறேன்.

ஹெமரைக்ஸ் காங்கோவில் பல்லாண்டு உழைத்தவர். தொழுநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சுவர்களுக்குள் வைப்பதால் நோய் ஒழியாது, நோயை மறைக்கும் பழக்கமே வளரும் என்பது அவர் கண்ட உண்மை. எனவே போலம்பாக்கத்தில் பெரிய விடுதி கட்டுவதில் அவர் கருத்துச் செலுத்தவில்லை. சாலையோர மரத்தடியில், குறித்த கிழமையில், குறித்த நேரத்தில் மருத்துவக் குழு வந்து நிற்கும். நோயாளி மருந்து பெற்றுக்கொண்டு வீடு திரும்புவார்.

இது எத்தகைய மாற்றம் என்பதை உணரப் புனித தமியானை நினைக்க வேண்டும். 1873 இல் அவர் மொலக்காய்த் தீவில் கால்வைத்தபோது, நோயாளிகள் சட்டத்தின் கட்டளையால் கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுக் கப்பலேற்றப்பட்டுக் கொண்டிருந்தனர். மருந்தில்லாத காலம் அது. பிரிக்கப்பட்டோரிடம் தாமே சென்று தங்குவதொன்றே தமியானால் செய்யக்கூடியதாக இருந்தது. அதையே 1889 இல் இறக்கும்வரை செய்தார். போலம்பாக்கம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, செங்கல்பட்டை அடுத்த திருமணியில் டாக்டர் காக்ரேன் டாப்சோன் மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார். மருந்து கிடைத்த பிறகு, குடும்பத்தைப் பிரிக்க வேண்டிய காரணம் மறைந்தது. அச்சம் மட்டும் மறையவில்லை.

டாப்சோனை ஆண்டுக்கணக்கில் உட்கொள்ள வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். ஆகவே ஊர் ஊராய்ச் சென்று, தேமல் போன்ற வெளிறிய திட்டில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கவும், மாத்திரை தவறியவரைத் தேடிப் பிடிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். நாடெங்கும் தொழுநோய்ப் பணியாளர்கள் பெரும்பாலும் மிதிவண்டியிலேயே சென்றனர். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் என்று கொண்டாலும், 250 வேலை நாட்களில் 5,000 கிலோமீட்டர் ஆகிறது. பாபா ஆம்தே 1985 இல் நாட்டு ஒற்றுமைக்காகக் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் நோக்கி இளைஞர்களை மிதிவண்டியில் அழைத்துச் சென்ற தூரமும் ஏறக்குறைய அவ்வளவே. தொழுநோயாளருக்காக ஆனந்தவனத்தை உருவாக்கிய அப்பெரியவரின் பயணத்தை நாடு கண்டு வியந்தது. நம் பணியாளர்களோ ஆண்டுதோறும் ஒரு காஷ்மீர்ப் பயணத்தை முடித்தனர். மாலையிட யாரும் வரவில்லை.

எங்கள் ஊருக்கு 1970களில் அப்படி ஒருவர் வருவார். ‘சைக்கிள் சார்’ என்பது ஊரார் இட்ட பெயர். என் சித்திக்கு முழங்கைக்கு மேலே ஒரு திட்டு இருந்தது; வீட்டில் பாட்டிக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும். அவர் எங்கள் வாசலில் ஒருநாளும் இறங்கியதில்லை. கிணற்றடியில் வண்டியைச் சாய்த்து, கழன்ற சங்கிலியை மாட்டுபவர்போல் குனிந்திருப்பார். சித்தி குடத்தோடு போவாள். மாத்திரைப் பொட்டலம் கைமாறும். நல்ல சங்கிலியை அவர் ஏன் அடிக்கடி மாட்டுகிறார் என்று நான் அம்மாவிடம் கேட்டு, தலையில் ஒரு குட்டு வாங்கினேன்.

அந்த அச்சம் பேதைமையன்று. தொழுநோய் அன்று சட்டப்படியே மணமுறிவுக்குக் காரணமாகக் கூடியது. கூட்டு மருந்து சிகிச்சையை உலகச் சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே பரிந்துரைத்தது. ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நோய் குணமாகும் நிலை வந்தது. அதன் பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சட்டப் பிரிவுகள் நீடித்தன. 2019 இல்தான் ஐந்து சட்டங்களிலிருந்து அவை நீக்கப்பட்டன. கிறிஸ்தவர்களுக்குரிய 1869 ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டமும் அவற்றுள் ஒன்று. நோயோ இன்னும் முற்றிலும் அகலவில்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் புதிதாகக் கண்டறியப்படுகிறது. ஆகவே நிதி திரட்டி மிதிப்போரின் வியர்வையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பணம் வேண்டும், ஆனால் அந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்டு யாரோ ஒருவர் ஒரு வீடுவரை செல்லவும் வேண்டும்.

சித்தி குணமடைந்தாள். கணவரோடும் பிள்ளைகளோடும் வாழ்ந்து, மூத்த மகளுக்குத் திருமணம் செய்தபோது, பாட்டியின் சொற்படி அந்தப் பணியாளருக்கும் அழைப்பு அனுப்பினாள். கோயிலில் திருப்பலி முடிந்து பந்தலில் பந்தி நடக்கும்போது வந்து சேர்ந்தார். வெயிலில் நெடுந்தூரம் நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. சைக்கிள் எங்கே என்று என் தந்தை கேட்டார். பேருந்தில் வந்து சாலையில் இறங்கி நடந்ததாகச் சொன்னார். அந்த வண்டியைச் சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் அடையாளம் தெரியும், கல்யாண வீட்டு வாசலில் அது நிற்க வேண்டாம் என்றார்.