வெள்ளம், அரிப்பு, எண்ணெய்: எண்ணூர் வீடுகளின் இழப்பீட்டுக் கதை

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் கொட்டிய மழைநீர் எண்ணூரின் குப்பங்களிலும் எர்ணாவூர், திருவொற்றியூர் தெருக்களிலும் புகுந்தது. அது வடிந்தபோது பல வீடுகளின் சுவரிலும் பாத்திரத்திலும் கறுப்புப் பிசுக்கு ஒட்டியிருந்தது. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் வளாகத்திலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் வரை பரவியிருந்தது.

புயல் நிவாரணமாக ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் வந்தது. எண்ணெய்ப் பாதிப்புக்காக 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. பீரோவும் ஃப்ரிட்ஜும் போன வீட்டுக்கும், பாய் மட்டும் நனைந்த வீட்டுக்கும் ஒரே தொகை. நிவாரணம் கார்டைப் பார்த்து வருகிறது. காப்பீடு பொருளைப் பார்த்து வர வேண்டியது. அந்த இரண்டாவது வழி வடசென்னைக்கு வந்து சேரவே இல்லை என்பதுதான் வருத்தம்.

தண்ணீர் வரும் வழிகளோ இருநூறு ஆண்டுகளாக இங்கே ஒவ்வொன்றாக உருவாகிவந்தன. 1806-இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய், பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் ஆனது. 1876-இல் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் கடலோர மணலின் வடக்கு நோக்கிய ஓட்டத்தை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது. தெருக்களையும் வீடுகளையும் அலை கொண்டுபோன பிறகுதான் கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு கட்டினார்கள். 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதன் பின் வடசென்னை அனல்மின் நிலையமும் வந்தது. நிலக்கரிச் சாம்பல் கழிமுகத்தில் படிந்தது. மழைநீரை வாங்கிக்கொள்ளும் சதுப்பு சுருங்கியது.

காப்பீடு சென்னைக்குப் புதிதல்ல. 1938-இல் இங்கே தொடங்கிய யுனைடெட் இந்தியா, 1973-இல் பொதுக் காப்பீடு நாட்டுடைமையானபோது நான்கு அரசு நிறுவனங்களில் ஒன்றாகி, சென்னையிலேயே தலைமையகத்தை வைத்துக்கொண்டது. ஆனால் வெள்ளத்துக்கென்று வீட்டுக்குத் தனிப் பாலிசி கிடையாது. தீ பாலிசிக்குள்தான் புயலும் வெள்ளமும் அடக்கம். அதை எடுத்தவை பெரும்பாலும் ஆலைகளும் கிடங்குகளும். வீட்டுக்காரர்களில் பலர் வங்கிக் கடனுக்காக மட்டுமே எடுத்தார்கள். சீட்டுப் பணத்திலும் சொந்தச் சேமிப்பிலும் கட்டிய வீடுகளை யாரும் கேட்கவில்லை.

2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் காப்பீட்டுப் பணத்தில் பெரும்பகுதி தொழில் நிறுவனங்களுக்கும் வாகனங்களுக்கும்தான் போனது. 2021 ஏப்ரலில் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்கியது. வெள்ளம், புயல், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடிப்பது எல்லாம் இதில் அடங்கும். கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையில் 20 விழுக்காடு வரை, அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே கிடைக்கும். வாடகைக்கு இருப்பவரும் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

எண்ணூர்க்காரர் விலக்குப் பகுதியையும் படித்தாக வேண்டும். கடலரிப்பால் நிலம் இறங்கினால் இழப்பீடு இல்லை. நிரப்பி மேடாக்கிய நிலம் அமிழ்ந்தாலும் இல்லை. மாசும் விலக்குதான், ஆனால் பாலிசியில் சொன்ன வெள்ளத்தால் அந்த மாசு வந்திருந்தால் விலக்கு பொருந்தாது. 2023 போல எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்த வீட்டுக்கு இந்த வரி முக்கியம். கடலரிப்பில் வீட்டை இழப்பவருக்கோ அரசை விட்டால் வேறு வழியில்லை. கரையைக் கரைத்தது பொதுப் பணத்தில் எழுந்த துறைமுகம் என்பதால் அந்தக் கடமை அரசுக்கு உண்டு.

வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், கழுவித் தள்ளுவதற்கு முன் சுவரில் நீர் நின்ற உயரத்தையும் கெட்ட பொருள்களையும் படம் எடுத்து, நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். கிளைம் படிவத்துக்கு 30 நாள் அவகாசம். இழப்பை மதிப்பிடும் சர்வேயரை 24 மணி நேரத்துக்குள் நியமிக்க வேண்டும், அவர் அறிக்கை 15 நாளில் வர வேண்டும், அடுத்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-இல் ஆணையம் வரையறுத்தது. தொகை குறைந்தாலோ மறுக்கப்பட்டாலோ, முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட்டுவிட்டு, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம்.