சீட்டித் துணியும் ஒட்டுப்போர்வையும்: சோழமண்டலக் கரையிலிருந்து ஒரு பயணம்

சிறு சிறு துணித்துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்து உருவாக்கப்படுவது ஒட்டுப்போர்வை. மேலே ஒட்டுத்துணி, நடுவே மெல்லிய பஞ்சடுக்கு, அடியில் முழுத்துணி என மூன்றையும் சேர்த்து நூலோட்டித் தைத்தால் அது மெத்தைப் போர்வை ஆகிறது. ஆங்கிலத்தில் இதனைக் குவில்ட் என்பர். இது ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களின் இல்லக்கலை என்றே பலரும் அறிந்திருக்கின்றனர். ஆனால் இங்கிலாந்தில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுப்போர்வைகள் சிலவற்றின் துணி இந்தியாவில் நெய்யப்பட்டுச் சாயமேற்றப்பட்டது. அத்தகைய துணிக்குப் பெயர்பெற்ற பகுதிகளுள் முதன்மையானது சோழமண்டலக் கரை. அந்தத் துணி கடல் கடந்த வரலாறும், துண்டு துண்டாகப் போற்றப்பட்ட வரலாறும் தமிழ்நாட்டு மாணவர்கள் அறிய வேண்டியவை.

சொல்லும் பொருளும்

தமிழில் துணி என்ற சொல்லிலேயே வெட்டுதல் என்னும் பொருள் இருக்கிறது. தறியிலிருந்து துணிக்கப்படுவது துணி. அதன் சிறு பகுதி துண்டு. பழந்தமிழில் துணிக்கு அறுவை என்ற பெயரும் உண்டு. சங்கப் புலவர்களுள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். துணி விற்பவர் என்பதே அவர் பெயருக்கு முன்னுள்ள அடைமொழியின் பொருள்.

அறுத்ததை மீண்டும் இணைக்கும் வழக்கமும் இந்நாட்டில் பழையது. பௌத்தத் துறவியரின் ஆடை துண்டுகளை இணைத்துத் தைக்கப்படுவது. வரப்புகளால் பிரிக்கப்பட்ட மகத நாட்டு வயல்களைக் கண்ட புத்தர், அதே அமைப்பில் ஆடை தைக்குமாறு ஆனந்தரிடம் கூறியதாக விநய நூல் தெரிவிக்கிறது. வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைக்கப்படும் போர்வை காந்தா. பீகாரில் சுஜனி, மகாராட்டிரத்தில் கோதடி, கர்நாடகத்தில் கௌதி எனப் பெயர்கள் மாறினாலும் வேலை ஒன்றே. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் போர்வை கவந்த் எனப்படும். அதன் நான்கு மூலைகளிலும் மடித்துத் தைத்த முக்கோணத் துண்டுகளை வைப்பர். அவற்றுக்குப் பூ என்று பொருள்படும் பெயர் உண்டு. பூ இல்லாத போர்வை முழுமை பெறாதது என்பது அவர்கள் கருத்து.

தமிழ்நாட்டின் வெப்பத்திற்குப் பஞ்சடைத்த போர்வை தேவைப்படவில்லை. இருப்பினும் பழைய புடவையை மடித்துத் தைத்துக் கைக்குழந்தைக்கு விரிப்பதும், புடவையிலேயே தூளி கட்டுவதும் வீட்டுக்கு வீடு உள்ள வழக்கங்கள். துண்டுத்துணிக் கலை இங்கே கோயிலைச் சார்ந்து வளர்ந்தது. தேரிலும் மண்டபத்திலும் உருளை வடிவில் தொங்கவிடப்படும் தொம்பை, வண்ணத் துணிகளை உருவங்களாக வெட்டி வேறொரு துணியின்மீது வைத்துத் தைக்கப்படுவதாகும். வெட்டி ஒட்டித் தைக்கும் இம்முறையை ஐரோப்பியப் போர்வைகளிலும் காணலாம்.

ஆறும் துறைமுகமும்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் மணிமுத்தாற்றின் கரையில் உள்ளது. மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றுடன் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலில் சேர்கிறது. பரங்கியர், அதாவது ஐரோப்பியர், தங்கிய ஊர் என்பதால் பரங்கிப்பேட்டை என்று பெயர். போர்த்துக்கீசியர் இதனைப் புதிய துறைமுகம் என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ என்று அழைத்தனர். அவர்களுக்குப் பின் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் இங்கு வணிகம் செய்தனர்.

இதன் வடக்கே கடலூரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி 1690இல் ஒரு கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. புனித டேவிட் கோட்டை என்று பெயர் பெற்றது அதுவே. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு விழும் தொலைவு வரை உள்ள ஊர்கள் கும்பினிக்கு உரியவை என்பது உடன்பாடு. அவ்வூர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. கடலூரை அடுத்த குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகிறது. அதற்கும் வடக்கே புதுச்சேரியில் 1674 முதல் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தனர். தெற்கே தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620இலேயே கோட்டை கட்டியிருந்தனர்.

இத்தனை நாட்டவரும் இந்தக் குறுகிய கடற்கரையில் போட்டியிட்டதற்கு முதன்மையான காரணம் துணி. வெள்ளைத் துணி, நீலத் துணி, கட்டம் போட்ட துணி ஆகியவற்றோடு, பூவும் கொடியும் தீட்டிய சீட்டித் துணியும் கப்பலேறியது. சீட்டி என்று நாம் சொல்வதையே ஆங்கிலேயர் சின்ட்ஸ் என்றனர். கட்டில் விரிப்பாகப் பயன்பட்ட பெரிய சீட்டித் துணிக்கு, பாரசீக மொழியில் கட்டில் விரிப்பு என்று பொருள்படும் பலங்போஷ் என்ற சொல்லிலிருந்து பாலம்போர் என்று பெயர் வந்தது. பரந்து விரிந்த ஒரு பூமரம் நடுவில் நிற்பது அதில் பெரிதும் காணப்படும் அமைப்பு.

சீட்டி உருவான விதம்

ஐரோப்பியரை வியக்க வைத்தது சீட்டியின் அழகு மட்டுமன்று. துவைத்தாலும் நிறம் போகாமையே பெருவியப்பைத் தந்தது. அதன் பின்னால் நீண்ட வேலை இருந்தது.

முதலில் வெளுத்த துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கடுக்காய் சாயத்தைப் பிடிக்க வைக்கும். பாலின் கொழுப்பு, தீட்டும் மை பரவாமல் தடுக்கும். கறுப்புக் கோடுகளை இரும்பும் வெல்லமும் ஊறவைத்த நீரால் வரைவர். சிவப்பு வர வேண்டிய இடங்களில் படிகார நீரைத் தீட்டுவர். பிறகு துணியைச் சாயவேர் இட்ட நீரில் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடங்களில் மட்டும் சிவப்பு நிலைத்து நிற்கும். மற்ற இடங்களில் ஏறிய மங்கல் நிறத்தைச் சாணநீரில் ஊறவைத்தும் வெயிலில் விரித்து நீர் தெளித்தும் போக்குவர்.

நீலத்திற்கு வேறு வழி. நீலம் வேண்டாத பகுதிகளையெல்லாம் மெழுகால் மூடி, துணியை அவுரி நீலத்தில் முக்குவர். மெழுகை நீக்கிய பின் மஞ்சள் தீட்டுவர். நீலத்தின்மேல் மஞ்சள் பட்டால் பச்சை. இவ்வாறு ஒரே துணி பலமுறை கொதித்து, வெளுத்து, உலர்ந்த பின்பே முழுமை பெறும்.

சாயவேர் என்பது இம்பூறல் என்னும் சிறு செடியின் வேர். கடற்கரை மணற்பாங்கான நிலத்தில் இது நன்கு வளரும். மண்ணும் நீரும் வெயிலும் கைத்திறனும் ஒருங்கே அமைந்ததால்தான் சோழமண்டலக் கரை இத்தொழிலில் சிறந்தது.

தடையும் துண்டுகளும்

சீட்டித் துணி ஐரோப்பாவில் பரவியதும் அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளர்கள் வேலை இழந்தனர். பிரெஞ்சு அரசு 1686இல் இந்தியச் சீட்டியையும் அதைப் போலச் செய்யப்பட்ட துணியையும் தடை செய்தது. தடை 1759 வரை நீடித்தது. இலண்டனில் 1697இல் நெசவாளர்கள் கும்பினியின் தலைமையகத்தையே தாக்கினர். 1700இல் இயற்றப்பட்ட சட்டம் தீட்டிய, அச்சிட்ட இந்தியத் துணியை உள்நாட்டுப் பயன்பாட்டிற்காக இறக்குமதி செய்வதைத் தடுத்தது. 1719இல் சீட்டி உடுத்திச் சென்ற பெண்களின் ஆடைகள் தெருவில் கிழிக்கப்பட்டன. 1721ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியில் பெரும்பாலானவற்றை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் தடை செய்தது. இச்சட்டம் 1774இல் நீக்கப்பட்டது.

கிடைப்பதற்கு அரிதான பொருளின் துண்டுக்கும் மதிப்பு உண்டு. வடமேற்கு இங்கிலாந்தின் லெவன்ஸ் மாளிகையில் உள்ள ஒட்டுப்போர்வை சுமார் 1708ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆன இது, இங்கிலாந்தில் எஞ்சியுள்ள மிகப் பழைய ஒட்டுப்போர்வைகளுள் ஒன்று. முதல் தடைச்சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது.

பின்னர் இன்னொரு முறையும் பரவியது. பழைய சீட்டி விரிப்பு நைந்தபோது, அதில் நல்ல நிலையில் இருந்த பூ, பறவை, கிளை ஆகியவற்றைக் கத்தரித்து, வெள்ளைத் துணியின்மேல் பரப்பி, ஓரம் மடித்துத் தைத்தனர். ஒரே ஒரு பாலம்போரின் எச்சத்தைக் கொண்டு ஒரு பெரிய போர்வையையே அலங்கரிக்க முடிந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் கிழக்குக் கரைப் பகுதிகளிலும் இம்முறை பெரிதும் விரும்பப்பட்டது. பிற்காலத்தில் இதற்குப் பாரசீகத் தையல் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் வழங்கியது. தையலுக்குப் பாரசீகத்தின் பெயர் கிடைத்தது. துணியைத் தீட்டிய நாட்டின் பெயர் அதில் இடம்பெறவில்லை.

புதுச்சேரியிலிருந்து சென்ற கடிதங்கள்

துணியைத் தொடர்ந்து தொழில்நுட்பமும் கடல் கடந்தது. சுமார் 1734இல் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு சீட்டித் துணி உருவாவதை முதலிலிருந்து இறுதிவரை கவனித்து எழுதினார். ஒவ்வொரு படிநிலையிலும் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்புடன் இணைத்தார். அந்தக் கையெழுத்துப் படியும் துண்டுகளும் பாரிசில் பாதுகாக்கப்படுகின்றன. 1742இல் கேர்து என்ற இயேசு சபைப் பாதிரியார், தம்மிடம் சமயக் கல்வி பெற்ற சாயத் தொழிலாளர்களிடம் கேட்டறிந்த செய்முறையை விரிவான கடிதமாகப் பிரான்சுக்கு எழுதினார். இந்தியச் சாயத் தொழில்நுட்பத்தை ஐரோப்பியர் அறிந்துகொள்ள உதவிய முதன்மையான ஆவணங்கள் இவை. இவ்விரண்டு ஆவணங்களிலும் அத்தொழிலாளர்களின் திறமை பதிவாகியிருக்கிறது. அவர்களின் பெயர்கள் வரலாற்றில் நிலைக்கவில்லை.

1760இல் ஓபர்காம்ப் பாரிசுக்கு அருகே ஜூயி என்ற ஊரில் அச்சுத்துணித் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1783இல் தாமஸ் பெல் உருளை அச்சு இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 19ஆம் நூற்றாண்டில் வணிகத்தின் திசையே மாறி, இங்கிலாந்தின் ஆலைத்துணி இந்தியச் சந்தையை நிறைத்தது. சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரின் என்ற பொருளை 1868இல் செருமானிய வேதியியலாளர்கள் கிரேபே, லீபர்மன் ஆகியோர் செயற்கையாக உருவாக்கினர். அதன்பின் சாயவேரைத் தேடுவோர் குறைந்தனர்.

தஞ்சை மராட்டிய அரச குடும்பத்திற்காக நெய்து தீட்டப்பட்ட கோடாலிக்கருப்பூர்ப் புடவையும் இதே காலத்தில் மறைந்தது. கோடாலிக்கருப்பூர் இன்று விருத்தாசலத்திற்குத் தெற்கே அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. 1855இல் தஞ்சை அரசு முடிவுற்றதும் அப்புடவையை ஆதரிப்போர் இல்லாமல் போயினர். கோயில் தொம்பைகளும் விதானங்களும் தீட்டும் கருப்பூர்க் கலம்காரி ஓவியம் மட்டும் தொடர்ந்தது. அதற்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கூடித் தைத்தலும் பகிர்தலும்

ஒட்டுப்போர்வை தனியொருவர் வேலையாகத் தொடங்கினாலும் கூட்டு வேலையாகவே முடிவது வழக்கம். அமெரிக்கக் கிராமங்களில் பெரிய மரச்சட்டத்தில் போர்வையை இழுத்துக் கட்டி, அண்டைவீட்டுப் பெண்கள் சுற்றி அமர்ந்து ஒரே நாளில் தைத்து முடிப்பர். 1840களில் நட்புப் போர்வை என்ற வழக்கம் பரவியது. ஊரைவிட்டுத் தொலைவு செல்லும் ஒருத்திக்காகத் தோழியர் ஒவ்வொருவரும் ஒரு கட்டத்தைத் தைத்துத் தம் பெயரை எழுதித் தருவர். அவள் சென்ற இடத்தில் அந்தப் பெயர்களே அவளுக்குத் துணை.

இன்றைய தையல் ஆர்வலர்களும் துணி தேடிப் பயணம் செய்கின்றனர். கிடைத்ததைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். ஒரு கெஜத் துணியில் கால் பங்கை 18 அங்குலத்திற்கு 22 அங்குலம் என்ற அளவில் வெட்டிப் பரிமாறுவது அவர்களிடையே உலகெங்கும் உள்ள வழக்கம். நீண்ட பட்டையாக வெட்டுவதைவிட இந்த அளவில் பெரிய உருவங்களை வெட்டுவது எளிது. சென்னையில் 2019 சனவரியில் முதல் இந்திய குவில்ட் திருவிழா நடைபெற்றது. மெட்ராஸ் கட்டத்துணி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, சுங்குடி போன்றவை ஒட்டுவேலைக்கு ஏற்றவை. கைத்தறித் துணியை வெட்டும் முன் தனித்தனியாக நீரில் அலசி உலர்த்த வேண்டும். சுருங்குவதும் சாயம் விடுவதும் அப்போதே தெரிந்துவிடும். இல்லையெனில் தைத்து முடித்த போர்வை முதல் சலவையிலேயே கெட்டுவிடும். தையற்கடையில் மிஞ்சும் வெட்டுத்துணியும் நல்ல மூலப்பொருளே.

பெயர் எழுதும் வழக்கம்

2010இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1700 முதலான போர்வைகளைக் கொண்டு ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. 2020இல் கனடாவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் இந்தியச் சீட்டிக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. பிறந்த ஊரில் உடுத்தி நைந்து மறைந்த துணி, சென்ற ஊரில் துண்டாகவேனும் எஞ்சியது. நம் சாயத் தொழிலாளர்களின் கைவண்ணத்தை அறிய அந்தத் துண்டுகளும் இன்று சான்றாகின்றன.

போர்வை தைப்போரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் பின்புறத்தில் சிறு துணிச்சீட்டு ஒன்றைத் தைத்து, அதில் தம் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதுவர். அந்தச் சீட்டில் துணி நெய்த ஊரின் பெயருக்கும், தெரிந்தால் நெய்தவரின் பெயருக்கும் ஒரு வரி சேர்க்கலாம். 300 ஆண்டுகளுக்கு முன் கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் கப்பலேறிய துணிகளுக்கு அந்த ஒரு வரி கிடைக்கவில்லை. இனி தைக்கப்படும் போர்வைகளுக்கு அது கிடைக்கச் செய்ய ஊசியும் நூலும் ஒரு முழம் துணியும் போதும்.